லூகாஸ் ஏன் வாய் திறக்கவில்லை? – ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’ படத்தை முன்வைத்து

துப்பறியும் படம் என்றாலே நம்ம தோழர்களில் பலருக்கு ஒரு இளக்காரம். பொழுதுபோகாதவர்களின் மூளை விளையாட்டு, அதில் நமக்கு என்ன இருக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு பிணம் விழும். நாலைந்து பேர் மேல் சந்தேகம் வரும். புத்திசாலி ஒருவர் வந்து தடயங்களைக் கோத்து, குற்றவாளி இவன்தான் என்று விரல் நீட்டுவார். போலீசு விலங்கு மாட்டும். குலைந்த ஒழுங்கு திரும்பிவிடும். அந்த ஒழுங்கு யாருடைய ஒழுங்கு என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், உண்மை வெளியே வந்தால் நிரபராதி தப்பித்துவிடுவான் என்கிற நம்பிக்கையின் மேல்தான் அந்த வகைப் படத்தின் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. அந்த நம்பிக்கை இல்லாதவனுக்கு அதில் மர்மமும் இல்லை, சுவாரசியமும் இல்லை.

இந்த நம்பிக்கையையே சந்தேகக் கூண்டில் ஏற்றிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. 1949இல் எம்.ஜி.எம். நிறுவனம் தயாரித்து, கிளாரன்ஸ் பிரவுன் இயக்கிய ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’. வில்லியம் ஃபாக்னர் 1948இல் எழுதிய நாவலின் திரைவடிவம் அது. திரைக்கதை பென் மேடோ, ஒளிப்பதிவு ராபர்ட் சர்டீஸ். ஒண்ணரை மணி நேரம்கூட ஓடாது. கறுப்பர் பிரச்சினையைப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அந்த ஒரே ஆண்டில் நான்கு அமெரிக்கப் படங்கள் வந்தன. கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் நான்கையும் பார்த்துவிட்டு அந்த ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். ஹார்லெம் பகுதியின் கறுப்புப் பார்வையாளர்கள் முன்னால், தப்பான இடத்தில் சிரிப்பு எழாமல் திரையிடக்கூடியது இந்த ஒரு படம்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

அமெரிக்கக் கறுப்பர் கதை நமக்கு எதற்கு என்று இந்த இதழின் வாசகர்கள் கேட்க மாட்டீர்கள். 1873இல் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த இளைஞர்கள் தங்களைத் தலித் பேந்தர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். உறவு பழசு.

கதை இதுதான். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன நகரம். ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலய மணி அடிக்கிறது. லூகாஸ் பீசாம்ப் என்கிற வயதான கறுப்பரை ஷெரிஃப் காரில் கொண்டுவந்து சிறையில் அடைக்கிறார். வின்சன் கவுரி என்ற வெள்ளையன் முதுகில் சுடப்பட்டுச் செத்துக்கிடக்க, பக்கத்தில் நின்றவர் லூகாஸ். கையில் பழைய கோல்ட் துப்பாக்கி. அதிலிருந்து ஒரு குண்டு வெளியேறியும் இருக்கிறது. ஊருக்கு இது போதும். விசாரணை, சாட்சி, நீதிபதி எதுவும் தேவையில்லை. எப்போது வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தப் போகிறார்கள் என்பது ஒன்றுதான் பாக்கி. அமெரிக்காவில் இதற்கு லிஞ்சிங் என்று பேர்.

காரிலிருந்து இறங்கும் லூகாஸ் கூட்டத்தைச் சட்டை செய்யவில்லை. கூட்டத்தில் நிற்கும் சிக் என்ற வெள்ளைக்காரச் சிறுவனைப் பார்த்து, உன் மாமாவை வரச் சொல் என்கிறார். கெஞ்சல் இல்லை. ஒரு வேலை சொல்கிற தோரணை. மாமா ஸ்டீவன்ஸ் வழக்கறிஞர், படித்தவர், நல்லவர். சிறைக்கு வருகிறார். வந்தவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நீ கொன்றுவிட்டாய் என்று முடிவு கட்டிக்கொண்டு, தண்டனையை எப்படிக் குறைக்கலாம் என்று பேச ஆரம்பிக்கிறார். வெள்ளையர்களை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட்டிருந்தால் உனக்கு இந்த நிலைமை வந்திருக்காதே என்று புத்தியும் சொல்கிறார். அப்படியானால் என்னை இழுத்துப்போய்த் தீ வைக்கப்போகிறவர்களிடமிருந்து அந்த மரியாதையை ஆரம்பிக்கட்டுமா என்று லூகாஸ் திருப்பிக் கேட்கிறார். அதற்கு மேல் வழக்கறிஞரிடம் உண்மையைச் சொல்லவில்லை. மாமா போன பிறகு தனியாகத் திரும்பி வரும் சிறுவனிடம்தான் சொல்கிறார்: கல்லறையைத் தோண்டு. வின்சன் உடம்பில் இருப்பது என் துப்பாக்கிக் குண்டு இல்லை.

கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிகளில் இந்தப் படத்தை நான் மூன்று முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். வசனத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். மூன்று இடத்திலும் இந்தக் காட்சி வந்ததும் யாராவது ஒரு பையன் கேட்டுவிடுவான்: “அவரு ஏண்ணே வக்கீல்கிட்ட உண்மையச் சொல்லல? சொல்லித் தொலைச்சா என்ன?” ஒருமுறை நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து இன்னொருத்தன் சொன்னான்: “சொன்னா மட்டும் நம்பிருவானாக்கும்?”

படத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றத் துப்பறியும் படங்களில் குற்றவாளி உண்மையை மறைப்பதால் மர்மம் பிறக்கிறது. இங்கே நிரபராதி உண்மையைத் தெரிந்துவைத்திருக்கிறார். கேட்கக் காது இல்லாததால் மர்மம் பிறக்கிறது. லூகாஸின் மௌனத்தைத் திமிர் என்கிறது ஊர். வீறாப்பு என்று அலுத்துக்கொள்கிறார் வழக்கறிஞர். எனக்கு அது துல்லியமான கணக்காகத் தெரிகிறது. யாரிடம் சொன்னால் வார்த்தை வீணாகும், யாரிடம் சொன்னால் மண்வெட்டியைத் தூக்குவார்கள் என்று அந்த மனுசனுக்குத் தெரியும். படிப்பும் பதவியும் உள்ளவர் மண்டைக்குள் ‘கறுப்பன் கொன்றான்’ என்ற வாக்கியம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அங்கே இன்னொரு வாக்கியத்துக்கு இடமில்லை. சிறுவனுக்குள் இன்னும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது.

அந்தக் காலியிடம் எப்படி வந்தது என்பதைப் படம் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறது. பனிக்காலத்தில் லூகாஸின் நிலத்துப் பக்கம் வேட்டைக்குப் போன சிக் ஓடையில் விழுகிறான். லூகாஸ் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய், துணியைக் காயவைத்து, சாப்பாடு போடுகிறார். பையன் கிளம்பும்போது சில்லறைக் காசை நீட்டுகிறான். அவர் வாங்கவில்லை. ஆத்திரத்தில் காசைத் தரையில் போடுகிறான். பொறுக்கி அவனிடமே கொடு என்று கூட வந்த கறுப்புச் சிறுவன் அலெக்கிடம் லூகாஸ் சொல்கிறார். குரல் உயரவே இல்லை. விடுதிப் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்த இடம் இது. “சாப்பிட்டதுக்குக் காசு நீட்டுனா அது ஓட்டலுண்ணே, வீடு இல்ல” என்றான் ஒருத்தன். அதற்கப்புறம் சிக் பரிசு அனுப்பிக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறான். லூகாஸ் பதிலுக்குப் பாகு அனுப்பிவிடுகிறார். கடன் தீரவே மாட்டேன் என்கிறது. கறுப்பனுக்குக் கடன்பட்டவனாக ஒரு வெள்ளைப் பையன் வளர்கிறான். அந்த உறுத்தல்தான் பிறகு அவனை நள்ளிரவில் கல்லறைக்குத் துரத்துகிறது. அன்பு என்றோ இரக்கம் என்றோ படம் அதைப் பூசி மெழுகாதது நல்ல விஷயம்.

லூகாஸின் உடையையும் நடையையும் கவனிக்க வேண்டும். நல்ல கோட்டு, நல்ல தொப்பி, நிமிர்ந்த முதுகு. சொந்த நிலம் இருக்கிறது. கடைக்குள் வின்சன் வம்புக்கு இழுக்கும்போதும் அவசரப்படாமல் தன் வேலையைப் பார்க்கிறார். உண்மையில் அவர் மேல் ஊருக்குள்ள வழக்கு அந்தக் கடையிலேயே பதிவாகிவிட்டது. கொலை பின்னால் வந்த சாக்கு. சொந்த நிலமும் நிமிர்ந்த தலையும் வைத்திருக்கிற கறுப்பனுக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்த ஊருக்குக் ‘கொலைகாரன்’ என்று ஒரு பேர் கிடைத்துவிடுகிறது.

இது ஃபாக்னரின் கற்பனை மட்டும் இல்லை. 1892இல் டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸ் நகரத்தில் மூன்று கறுப்பர்களைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நடத்திய மளிகைக்கடை பக்கத்து வெள்ளையன் கடையின் வியாபாரத்தைக் கெடுத்ததுதான் அதற்குப் பின்னால் இருந்த பகை. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளரின் நண்பர். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு கும்பல் கொலையாக விசாரித்து, சொல்லப்பட்ட காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு என்று எழுதிக்காட்டினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். என் கணக்கில் அமெரிக்காவின் முதல்தரத் துப்பறிவாளர் அந்தப் பெண்தான். டஸ்கீகி நிறுவனத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அதில் 3,446 பேர் கறுப்பர்கள். மாநிலங்களில் முதலிடம் மிசிசிப்பிக்கு: 581.

படத்தை ஸ்டுடியோவுக்குள் எடுக்காமல், ஃபாக்னரின் சொந்த ஊரான மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய் எடுத்தார் பிரவுன். இளைஞராக இருந்தபோது 1906ஆம் ஆண்டின் அட்லாண்டா இனக் கலவரத்தை நேரில் பார்த்தவர் அவர். கூட்டத்தில் நிற்கிற முகங்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களின் முகங்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1908இல் நெல்ஸ் பேட்டன் என்ற கறுப்பரைச் சிறையை உடைத்துக் கொன்று சதுக்கத்தில் தொங்கவிட்டார்கள். ஃபாக்னருக்கு அப்போது பத்து பதினோரு வயசு. 1935இல் எல்வுட் ஹிக்கின்பாதம் என்ற கறுப்பு விவசாயியை, ஜூரிகள் முடிவு சொல்வதற்கு முன்னாலேயே சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். அதற்குப் பதினாலு வருசம் கழித்து அந்த ஊர் மக்கள் கேமரா முன்னால் கொலைக் கும்பலாக நின்றார்கள். லூகாஸாக நடித்த ஹுவானோ ஹெர்னாண்டஸ், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த கறுப்பர். மற்ற நடிகர்களோடு அவர் தங்க முடியவில்லை. அந்த ஊர்க் கறுப்பர் ஒருவர் வீட்டில்தான் தங்கினார். கேமரா நின்றதும் சதுக்கம் பழையபடி ஆகிவிடும்.

இந்தப் பின்னணி தெரிந்து பார்க்கும்போது கூட்டக் காட்சி வயிற்றைப் பிசைகிறது. வெறிபிடித்துக் கத்துகிற முகங்களை பிரவுன் காட்டவில்லை. சந்தைக்கு வந்த மாதிரி குடும்பத்தோடு வந்து நிற்கிறார்கள். பெண்கள், குழந்தைகள், தின்பண்டம், அரட்டை. படம் நெடுகப் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. இப்போது பயப்படு, இப்போது அழு என்று நமக்குச் சொல்லித்தர வயலின் வரவில்லை. கல்லறை தோண்டும் காட்சியில் இருட்டும், மண்வெட்டிச் சத்தமும், நம்ம மூச்சும்தான்.

தோண்டுகிறவர்கள் மூன்று பேர்: சிறுவன் சிக், அவன் வயசுக் கறுப்புப் பையன் அலெக், மிஸ் ஹேபர்ஷாம் என்ற தள்ளாத கிழவி. தோண்டினால் பெட்டி காலி. பிணத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். பிறகு ஷெரிஃப்பும், செத்தவனின் தகப்பன் நப் கவுரியும் தேடி, ஓடைப் புதைமணலில் பிணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒற்றைக் கைக்காரனான நப் புதைமணலில் குதித்து மகனை இழுக்கிறான். ஊருக்கே பயங்கரமான அந்த இனவெறியன் மகன் முகத்து மண்ணைத் துடைக்கும்போது கேமரா அவனுடைய துக்கத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. உடம்பில் இருப்பது வேறு துப்பாக்கியின் குண்டு. கொன்றவன் செத்தவனின் சொந்த அண்ணன் கிராஃபோர்டு. மரக்கட்டை வியாபாரத்தில் தம்பியை ஏமாற்றித் திருடியது வெளியே வந்துவிடக் கூடாது என்று கொன்றிருக்கிறான். கூட்டத்துக்கு முன்வரிசையில் நின்று லூகாஸைக் கொளுத்தத் துடித்தவனும் அவன்தான்.

இதற்கு நடுவில் சிறைவாசல் காட்சி. கூட்டம் உள்ளே நுழையாமல் இருக்க மிஸ் ஹேபர்ஷாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி தைக்கிறாள். கிராஃபோர்டு அவள் காலடியில் பெட்ரோலை ஊற்றித் தீக்குச்சியைக் கிழிக்கிறான். அவள் அசையவில்லை. அபாரமான காட்சி. எலிசபெத் பேட்டர்சனின் நடிப்பு மனசிலேயே நிற்கிறது. ஆனால் கேட்க வேண்டியதையும் கேட்போம். அவளைக் காப்பாற்றியது அவளுடைய தைரியம் மட்டுமா? அந்த நாற்காலியில் ஒரு கறுப்புக் கிழவி உட்கார்ந்திருந்தால் தீக்குச்சி எத்தனை நொடி காத்திருக்கும்?

படத்தின் பலவீனம் இங்கிருந்து தொடங்குகிறது. அலெக்கை எடுத்துக்கொள்வோம். அன்று இரவு பிடிபட்டிருந்தால் சிக்குக்குத் திட்டு விழுந்திருக்கும், அலெக்குக்கு உயிர் போயிருக்கும். மூன்று பேரில் எல்லாவற்றையும் பணயம் வைத்தவன் அவன். அப்படிப்பட்டவனைப் படம் கண்ணை உருட்டிப் பயப்படுகிற, ஹாலிவுட்டின் பழைய வேடிக்கைக் கறுப்பனாக அங்கங்கே காட்டிவிடுகிறது. அவன் ஏன் வந்தான், மனசுக்குள் என்ன நினைத்தான் என்று ஒரு காட்சிகூட இல்லை. ஊரின் மற்றக் கறுப்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். கேமரா அந்த வீடுகளைக் கடந்து போகிறது, உள்ளே போகவில்லை. அந்த இரவில் அந்த வீடுகளுக்குள் என்ன பேசியிருப்பார்கள்? அது இன்னொரு படம். அதை எடுக்க வேறு ஆள் வேண்டும்.

அந்த வேறு ஆள் முன்னமே இருந்தார். ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920இல் ‘விதின் அவர் கேட்ஸ்’ என்ற மௌனப் படம் எடுத்தார். அதிலும் ஏறக்குறைய இதே நிகழ்ச்சி. ஒரு வெள்ளைப் பண்ணையார் சுடப்படுகிறான். பழி குத்தகைக் கறுப்பர் மேல் விழுகிறது. சுட்டவன் பண்ணையார் மேல் கோபம் கொண்ட இன்னொரு வெள்ளையன். ஆனால் மிஷோ இதை மர்மமாக வைக்கவில்லை. ஜன்னல் வழியாக யார் சுட்டான் என்று நமக்கு அப்போதே காட்டிவிடுகிறார். அப்புறம் அந்தக் குத்தகைக்காரரையும் அவர் மனைவியையும் கும்பல் கொல்வதைக் காட்டுகிறார். கடைசி நேரத்தில் கல்லறையைத் தோண்டிக் காப்பாற்ற நல்ல வெள்ளையர் யாரும் வரவில்லை. பல காலம் காணாமல் போயிருந்த இந்தப் படம் ஸ்பெயினில் கிடைத்து, 1993இல் மீட்டெடுக்கப்பட்டது. பிரவுன் படத்தில் பயின்ற ஹெர்னாண்டஸே 1930களின் தொடக்கத்தில் மிஷோவின் படத்தில் நடித்தவர்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. கொல்லப்படுகிற கூட்டத்துக்கு இதில் மர்மம் எதுவும் கிடையாது. யார் செய்தார்கள் என்று சேரிக்குத் தெரியும், கறுப்பர் தெருவுக்குத் தெரியும். அவர்களிடம் இருப்பது சாட்சியம். அதே நிகழ்ச்சி எதிர்த் தெருவிலிருந்து பார்க்கும்போதுதான் மர்மமாகிறது. ஆகவே பிரவுனின் படத்தை வெள்ளைச் சமூகம் தன்னையே துப்பறிந்த படம் என்று சொல்லலாம். அந்த அளவில் அது நேர்மையான படம்.

நேர்மைக்கு எல்லையும் உண்டு. கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைந்து ஓடுகிறது. லூகாஸிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சதுக்கத்தில் அவர் நடந்துபோவதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே ஸ்டீவன்ஸ், அவர் நம் மனசாட்சியின் காவலர் என்கிற பொருளில் ஒரு வசனம் பேசுகிறார். இந்த வசனத்தைப் பாராட்டாத விமர்சகர் குறைவு. எனக்கு அது கசக்கிறது. சாகக் கிடந்தவன் தப்பித்ததுமே உன் மனசாட்சியைச் சுமக்கிற வேலையையும் அவன் தலையில் ஏற்றிவிடுவதா? உன் மனசாட்சியை நீயே தூக்கிக்கொண்டு நட. நாலு நல்லவர்கள் இருந்தால் காலப்போக்கில் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கையும் அந்தக் காட்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1955இல் அதே மிசிசிப்பியில் பதினாலு வயசு எம்மெட் டில்லைக் கொன்றவர்களை, முழுக்க வெள்ளையர்களான ஜூரி விடுதலை செய்தது. அடுத்த வருசமே அவர்கள் ‘ஆமாம், நாங்கள்தான் கொன்றோம்’ என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். அதே 1956இல் ஃபாக்னர், கறுப்பர் உரிமைக்காகப் போராடுகிறவர்களைக் கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று கேட்டு எழுதினார். அந்த ‘மெதுவாக’வுக்கு ஜேம்ஸ் பால்ட்வின் கடுமையாகப் பதில் கொடுத்தார். லிஞ்சிங்கை நடுவணரசுக் குற்றமாக்க 1900இல் முதல் மசோதா வந்தது. சட்டமானது 2022இல், எம்மெட் டில்லின் பெயரில். மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் படத்தைப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் ஹெர்னாண்டஸ். எழுதியவனும் எடுத்தவனும் லூகாஸை ஒரு சின்னமாக்கப் பார்க்கிறார்கள். நடிகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு மனுசனாகவே இருந்துவிடுகிறார். கடைசியில் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறார். தப்பியதற்கு நன்றி என்று காலில் விழவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்கிறார். ஸ்டீவன்ஸ் கூலி வேண்டாம் என்கிறார். லூகாஸ் விடவில்லை. செலவுக்கு என்று ஒரு சின்னத் தொகை பேசி முடிக்கிறார்கள். சில்லறையை எடுத்து மேசைமேல் எண்ணி வைக்கிறார். அன்றைக்குச் சிக் தரையில் போட்ட காசுக்கும் இந்தக் காசுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிட்டார்கள். எண்ணி முடித்த பிறகும் லூகாஸ் நகரவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார் வழக்கறிஞர்.

ரசீது வேண்டும் என்கிறார் லூகாஸ்.